பனிச்சரிவு: கேட்டவையும் பதில்களும்

கே: எவ்வளவு சாய்வு ஆபத்து? பார்த்தாலே தெரியுமா?

ப: கண்ணை நம்பாதீர்கள், சாய்வுமானியால் அளந்து பாருங்கள். மேலடுக்கு மொத்தமாகப் பெயர்ந்து வரும் பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்புகின்றன; 38ஐ ஒட்டி மிக அதிகம். நீங்கள் நடக்கும் இடம் 20 பாகைதான் என்றாலும், மேலே செங்குத்தான சரிவு இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பனிக்குள் புதைந்த பலவீன அடுக்கு மோசமாக இருந்தால், கீழே நடப்பவரின் எடையே மேலே விரிசலைக் கிளப்பிவிடும்.

கே: பனி பெய்து பத்து நாளாகிறது. இன்னுமா பயம்?

ப: அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. புதுப்பனி மட்டும்தான் சிக்கல் என்றால் பெரும்பாலும் சில நாளில் இறுகிவிடும். ஆனால் தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் பனிப்பரப்பின் மேல் இறகு வடிவப் படிகங்கள் வளரும். அடுத்த பனி அவற்றை அப்படியே மூடினால் வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். இன்னொன்று, மெல்லிய பனிப்போர்வை. தரையையொட்டி வெப்பம் 0 பாகை அளவில் இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் இருக்கும். 10 செ.மீ. ஆழத்துக்கு 1 பாகை செல்சியசுக்கு மேல் வேறுபாடு நீடித்தால், நீராவி மேல்நோக்கி நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாத, சீனி போன்ற மணிகள் உருவாகும். இவை சில இடங்களில் குளிர்காலம் முழுக்க நீடிக்கும். நாள் எண்ணிப் பயனில்லை.

கே: குழி தோண்டிச் சோதித்தேன், அடுக்கு உடையவில்லை. போகலாமா?

ப: அந்தச் சோதனை 'போகாதே' என்று சொல்ல உதவும், 'போ' என்று சொல்ல உதவாது. 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் பனித்தூண் வெட்டி, ஒரு முனையில் மண்வாரியை வைத்து மணிக்கட்டு, முழங்கை, தோள் அசைவில் பத்துப் பத்துத் தட்டு. விரிசல் மறுமுனைவரை ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடவில்லையென்றால் அந்த ஓர் இடத்தில் ஓடவில்லை, அவ்வளவே. சில மீட்டர் தள்ளி நிலைமை வேறு. காலடியில் 'வூம்ப்' என அமுங்கும் ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனி: இவற்றில் ஒன்று இருந்தாலே சோதனை தேவையில்லை, திரும்பிவிடுங்கள்.

கே: பனியே பெய்யவில்லை, காற்று மட்டும் பலமாக அடித்தது.

ப: அதுவே போதும். காற்றுப்படும் பக்கத்துப் பனியை வாரி, முகட்டுக்கு மறுபுறம் குவித்துவிடும்.

கே: பனிச்சரிவு எச்சரிக்கையில் அபாய நிலை 5இல் 3. நடுத்தரம்தானே?

ப: இல்லை. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பல மடங்காக ஏறும். பனிச்சறுக்குப் பயணிகளின் மரணங்களில் பெரும்பங்கு 3ஆம் நிலையில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

கே: ஒருவர் புதைந்துவிட்டால்?

ப: பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரைமணி தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். எல்லோரும் தங்கள் சமிக்ஞைக் கருவியை (புதைந்தவரைக் கண்டறிய ஒவ்வொருவரும் உடலில் அணியும் வானலைக் கருவி) தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவரையே கருவி காட்டும். கருவி மிகக் குறைந்த தூரத்தைக் காட்டும் இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாகத் தேடுகம்பியைக் குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டதும் கம்பியை உருவாதீர்கள். புதைந்த ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து கிடையாகத் தோண்டுங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் அவருடைய மூச்சுவெளியை மிதித்து நசுக்குவீர்கள்.

கே: கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்கலாமா?

ப: கருவியிலிருந்து 20 செ.மீ. விலக்கி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. கைப்பேசியை இயக்கமின்றி நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது.