பார்வை சுருங்கும் மகளுக்கு ஓவியப் படிப்பா? குலசேகரத்து அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணாச்சி,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கண் பார்வை குறைந்துகொண்டே வரும் பெண்ணை ஓவியப் படிப்பில் சேர்ப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா என்பது ஒன்று. படம் வரைந்தே அவள் பிழைத்துக்கொள்வாளா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: பைத்தியக்காரத்தனம் இல்லை, தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டாவது கேள்விக்கு, படத்தை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். அந்தக் கஷ்டம் கண் நன்றாகத் தெரியும் ஓவியர்களுக்கும் உண்டு. ஆனால் உங்கள் மகளுக்குக் கூடவே இன்னொரு வருமானத்துக்கு வழி இருக்கிறது. அவள் கண் படும் பாடே அந்த வேலைக்குத் தகுதி. அதற்கு வருகிறேன், முதலில் காகித வேலையை முடித்துவிடுவோம்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் இதில் ராத்திரிப் பார்வை முதலில் போகும், அப்புறம் ஓரப் பார்வை சுருங்கும். நடுப் பார்வை பல வருடம் தாக்குப்பிடிக்கும். பள்ளிக்கூடக் கண் முகாமில் அட்டையைக் கடைசி வரிவரை வாசித்துக் காட்டிய பெண், நீங்கள் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்பும்போது முற்றத்தில் நிற்கும் பைக்கில் போய் இடித்துக்கொள்வது இதனால்தான். நடிப்பும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்து தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை என்று அதில் இருக்கிறது. ஆகவே சான்றிதழுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்டின் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று வந்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அவள் உரியவள். அந்த 4-ல் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கே. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், வழிகாட்டுவார்கள். பிளஸ் டூ பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் போய் நின்றால் நடக்காது.

அட்டை வாங்கினால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும் என்று வீட்டில் அக்கா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் அட்டை இல்லாததால் நோய் இல்லாமல் போய்விடாது, கிடைக்க வேண்டிய சீட்டுதான் போகும். நான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை.

சரி, ஓவியத்துக்கு வருவோம். வினோத் பிகாரி முகர்ஜி என்று ஒருவர், 1904-இல் பிறந்தவர். பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் கடும் கிட்டப்பார்வை. வங்காளத்தில் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனில் படித்து அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1940-களில் அங்குள்ள இந்தி பவன் சுவர்களில் இடைக்காலப் பக்திக் கவிஞர்களின் வாழ்க்கையைப் பிரம்மாண்டமாக வரைந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கண் அறுவை சிகிச்சைக்குப் பின் இருந்த பார்வையும் முழுக்கப் போய்விட்டது. அதற்கப்புறமும் வகுப்பு எடுத்தார், காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்தார், 1972-இல் பீங்கான் ஓடுகளைக் கொண்டு கலாபவன் சுவரில் ஒரு பெரிய படைப்பைச் செய்து முடித்தார். 1974-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. நான் கவனிக்கச் சொல்வது விருதை அல்ல. கண் இருந்த காலத்தில் அவர் கை அத்தனை பழகியிருந்தது, அதனால்தான் பின்னாளில் அதை நம்பி வேலை செய்ய முடிந்தது. உங்கள் மகளுக்கும் இப்போதுள்ள வருடங்கள் அந்தப் பழக்கத்துக்கானவை.

அமெரிக்காவில் ஜான் பிராம்பிளிட் என்பவர் 2001-இல் பார்வை இழந்த பிறகுதான் ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார். உருவக்கோட்டைத் தடிப்பான பெயின்டால் மேடாக இழுத்துக் காயவிடுவார், பிறகு விரலால் தடவிக்கொண்டே வண்ணம் நிரப்புவார். எந்த நிறம் என்பதையும் பெயின்டின் பிசுபிசுப்பை வைத்தே அறிவார். இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். மருதாணிக் கோன் மாதிரி ஒரு கோன் சுருட்டி, கெட்டியான ஃபேப்ரிக் கலரை நிரப்பி கான்வாஸில் கோடு இழுத்து ஒரு ராத்திரி காயவிட்டால் போதும். மறுநாள் இடது கை விரல் கோட்டின்மேல் நகரும், வலது கையில் பிரஷ். டியூப்களில் வெள்ளைக்கு ஒரு ரப்பர் பேண்டு, மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்று மாட்டச் சொல்லுங்கள். நீலத்துக்குக் கழுத்தில் நூல் சுற்றலாம். வண்ணத் தட்டில் கடிகார எண் வரிசையில் நிறத்தை வைத்து அந்த வரிசையை எந்நாளும் மாற்றாமல் இருக்க வேண்டும். கண்புரை முற்றிய காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனேயும் டியூபுக்கு லேபிள் ஒட்டி, தட்டில் வரிசை மாறாமல் வைத்துத்தான் வரைந்தார். கண் தெரிகிறபோதே இதெல்லாம் எதற்கு என்று மகள் முகம் சுளிப்பாள். வாரத்தில் ஒரு படமாவது இப்படி வரையட்டும்.

எங்கே படிப்பது? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டம் நான்கு வருடப் படிப்பு. கையால் வரைந்து காட்டும் தேர்வு உண்டு, ஆகவே வீட்டில் கிடக்கும் அவள் வரைந்த நோட்டுகளில் ஒன்றைக்கூடப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் உள்ள நுண்கலைக் கல்லூரி குழித்துறையில் ரயிலேறினால் போய்வரும் தூரம்தான், ஆனால் அது கேரள அரசுக் கல்லூரி. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கான விதியை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டுத்தான் ஆசைப்பட வேண்டும். ட்ராயிங் லோயர், ஹையர் அரசுத் தேர்வுகளை எழுதி வைத்தால் நாளை ஓவிய ஆசிரியர் வேலைக்கு உதவும்.

இனி அந்த இன்னொரு வழி. அக்சஸிபிலிட்டி என்று சொல்கிறார்கள். கட்டடமோ இணையதளமோ அருங்காட்சியகமோ மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படும்படி இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் எப்படி மாற்றலாம் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. சில வருடம் முன்புவரை இது பெரும்பாலும் தன்னார்வச் சேவையாகத்தான் கிடந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதற்கான விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025-இல் பங்குச்சந்தை ஒழுங்கு அமைப்பான செபி, தன் கீழுள்ள நிறுவனங்கள் இணையதளத்தையும் ஆப்பையும் இந்த வகையில் தணிக்கை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. தணிக்கைக்கு ஆள் வேண்டுமே, அங்கேதான் வேலை உருவாகிறது.

அந்த வேலையில் ஓவியம் தெரிந்த குறைபார்வைக்காரருக்குத் தனி மதிப்பு. இணையதளங்களுக்கான உலக அளவுகோலில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று ஒரு விதி. மற்றவர் அதைக் கருவியில் அளந்து பார்த்துச் சொல்வார். உங்கள் மகள், வெள்ளைமேல் வெளிர்மஞ்சள் எழுத்து ஏன் காணாமல் போகிறது, எந்த மஞ்சளைக் கொஞ்சம் கருக்கினால் அழகும் கெடாமல் தெரியும் என்பதைத் தன் கண்ணாலும் சொல்வாள், வரைந்து பழகிய கையாலும் செய்து காட்டுவாள். பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை வார்த்தையில் சொல்லும் குரல்வழி விவரிப்பைச் சினிமாவுக்கு எழுதுவதும் இதே ரகம். காட்சியில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது ஓவியர் தினமும் எடுக்கும் முடிவு. திரைப்படங்களுக்கான அக்சஸிபிலிட்டி வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டுவிட்டது. தமிழில் இதை நன்றாக எழுதுகிறவர்களுக்கு வேலை வரும் என்றே நினைக்கிறேன்.

தொடக்கத்துக்குச் செலவே இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்.வி.டி.ஏ. என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைக் கம்ப்யூட்டரில் போட்டு, மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வேலை செய்யப் பழகட்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. கல்லூரி முடிக்கும் தறுவாயில் அக்சஸிபிலிட்டி வேலைக்காரர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.ஏ.பி. நடத்தும் சி.பி.ஏ.சி.சி. என்ற அடிப்படைத் தேர்வை எழுதலாம். அது உலகம் முழுக்க ஏற்கப்படும் சான்று. இந்தச் சோதனை வேலையை வீட்டிலிருந்தும் செய்ய முடியும். வெளியே போக வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் திருவனந்தபுரம் டெக்னோபார்க் நமக்குத் தூரமில்லை.

வேலை கேட்டுப் போகும்போது கையில் மாதிரி வேண்டும். அதற்கு நம் மாவட்டமே போதும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு நல்ல வெயில் நேரத்தில் அழைத்துப் போங்கள். வெளியே கண் கூசும், உள்ளே நுழைந்ததும் அவளுக்கு எல்லாம் இருட்டிவிடும். கறுத்துப் பளபளக்கும் தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் எது தரை, எது படி என்று குழம்பும். மரப்படிகள் குறுகலும் செங்குத்தும். இதையெல்லாம் இடம்வாரியாக எழுதி, படமாகவும் வரைந்து, இருநூறு வருடத்துக்கு மேலான கட்டடத்தில் ஆணி அடிக்காமல் என்ன செய்யலாம் என்று அவளே யோசிக்கட்டும். (அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பு. யோசனையை அனுப்புவதானால் திருவனந்தபுரத்துக்குத்தான்.) அடுத்து சுசீந்திரம் கோயிலின் இசைத்தூண்கள், சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள். மயிலாடியில் கல் கொத்துகிறவர்களோடு ஒரு விடுமுறையைக் கழித்தால் தொட்டுப் பார்க்கும் புடைப்புப் படம் செய்வதன் சூட்சுமம் கைக்கு வரும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டுணரும் பிரிவு 2015-லேயே வந்துவிட்டது. மற்ற அருங்காட்சியகங்களும் கேட்கத் தொடங்கும்போது கல் தெரிந்த ஓவியருக்குப் போட்டி குறைவாக இருக்கும்.

கண்காட்சி என்று யாராவது அழைத்து, ‘பார்வையற்ற பெண்ணின் அதிசயம்’ என்று பேனர் கட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொன்னாடை போர்த்துவார்கள், படத்தை வாங்க மாட்டார்கள். படத்துக்கு விலை எழுதி மாட்டுகிற இடத்துக்கு மட்டும் போகட்டும்.

வெள்ளைக் கோல் பழக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பகலில் தெரிகிறதே என்று இந்த நோய்க்காரப் பிள்ளைகள் கோலைத் தொடவே மாட்டார்கள். சாயங்கால ரயிலில் இறங்கி மழையில் நடக்கும்போதுதான் அதன் அவசியம் தெரியும். கல்லூரி சேருமுன் மடக்குக் கோலோடு நடக்கப் பழகியிருந்தால் விடுதிக்கு அனுப்ப உங்களுக்கும் தைரியம் வரும்.

குரூப் 4 கோச்சிங்கில் இப்போதே சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் அவளுக்குக் கட்டணமும் இல்லை, ஒதுக்கீடும் உண்டு. பட்டம் கையில் வந்தபின் ஒரு வருடம் உட்கார்ந்து படித்தாலே எழுதலாம். பிளஸ் ஒன் முழுப் பரீட்சை முடிந்ததும் நோட்டுகளையும் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு வாருங்கள், அக்காவும் வரட்டும். விண்ணப்பத் தேதிகளை அப்போது உட்கார்ந்து குறித்துக்கொள்வோம்.