சாவுக் கணக்கைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

முதலில் அம்மாவுக்குக் கொடுக்கும் அந்த கேஸ் மாத்திரையை நிறுத்துங்கள். அம்மாவுக்கு 56 வயது, பீடி சுற்றுகிறார், சர்க்கரையும் முதுகுவலியும் உண்டு, கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கி வியர்த்துக் கொட்டுகிறது என்று எழுதிவிட்டு, "நெஞ்சுவலி இல்லை, வாயுதான்" என்று நீங்களே முடிவும் கட்டியிருக்கிறீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வலியே தெரியாமல் மாரடைப்பு வருவது உண்டு. ஈசிஜி இன்றைக்கே எடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறி வியர்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முதுகுவலி, நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுவதால் வருவதாக இருக்கலாம். ஆனாலும் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவிடாமல் உங்களைத் தடுத்து வைத்திருப்பது வாட்ஸ்அப்பில் வந்த சாவுக் கணக்குப் பட்டியல். திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில்தான் சாவு அதிகம், ஏழைகளை அங்கே கவனிப்பதில்லை, மாரடைப்பு பெண்களுக்குக் குறைவு என்கிறதாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி அரசு ஆஸ்பத்திரிகளில் சமாளிக்க முடியாதவர்களைத்தான் ஹைகிரவுண்டுக்கு அனுப்புகிறோம். லேசானவர்கள் இங்கேயே குணமாகி வீடு திரும்பிவிடுகிறார்கள். மோசமான நிலையில், தாமதமாகப் போய்ச் சேர்பவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் சாவும் கூடத்தான் செய்யும். கவனிப்பில் குறை உண்டா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே வயது, ஒரே நோய்க் கடுமை, தொல்லை தொடங்கி எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள் என்பதை எல்லாம் சமமாக வைத்து ஒப்பிட வேண்டும்.

அதுவும் போதாது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள் ஆஸ்பத்திரி ஏட்டில் இல்லையே! மடியில் முறத்தோடு, "ஆயிரம் பீடி முடியட்டும், கூலி போயிரும்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்து வீட்டிலேயே போய்விட்ட பெண்ணை எந்தப் பட்டியல் எண்ணியது? ஆஸ்பத்திரி நோயாளிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டு நோய்களுக்கு இடையே இல்லாத தொடர்புகூட இருப்பதாகத் தெரியும் என்று பெர்க்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1946-லேயே காட்டிவிட்டார். உண்மைக் காரணம் தெரிய வேண்டுமானால் தெருத்தெருவாக, வீடு வீடாகத்தான் எண்ணத் தொடங்க வேண்டும். இறந்தவர் வீட்டிலும் போய், என்ன நடந்தது, ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்களே, அப்படிப்பட்ட ஏட்டை ஆஸ்பத்திரி ஏட்டோடு சேர்த்துப் படித்தால்தான் வராமல் போனவர்கள் கண்ணில் படுவார்கள்.

அம்மாவும் அந்த வராதவர்களில் ஒருவராகிவிடக் கூடாது. கிளம்பும்போது சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவது எந்த நாளில் தொடங்கியது என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள்.