வக்கீல் எழுதிய தொடர்கள்

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை எழுதித் தயாரிக்கும் டேவிட் ஈ. கெல்லி முதலில் வக்கீலாக இருந்தவராமே? அந்தத் தொழில் அவருடைய எழுத்துக்குக் கைகொடுத்ததா? (கும்பகோணம் வாசகி)

பதில்: நன்றாகவே கைகொடுத்தது. பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்தபோது ஓய்வு நேரத்தில் அவர் எழுதிய நீதிமன்றக் கதை ஒன்று, 1987இல் 'ஃப்ரம் தி ஹிப்' என்ற திரைப்படமாக வெளிவந்தது. 1986இல் தொடங்கிய 'எல்.ஏ. லா' தொடருக்காகச் சட்டம் தெரிந்த எழுத்தாளர்களைத் தேடிக்கொண்டிருந்த அதன் தயாரிப்பாளர் ஸ்டீவன் போச்கோ, அந்தத் திரைக்கதையைப் படித்துவிட்டு அவரைத் தம் எழுத்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார். பின்னர் போச்கோ விலகியதும் தொடரின் முழுப் பொறுப்பும் கெல்லியிடமே வந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் தன் கட்சிக்காரர் நியாயத்தைப் போலவே கற்றறிந்துகொண்டு நீதிமன்றத்துக்குப் போவது நல்ல வக்கீலின் பழக்கம். கெல்லியின் எழுத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். 'தி பிராக்டிஸ்' தொடரில் வரும் பாஸ்டன் வக்கீல்கள், குற்றவாளி என்று தங்கள் மனத்துக்கே படுகிற ஒருவருக்காகவும் முழு மூச்சாக வாதாடி விடுதலை வாங்கித் தந்துவிட்டு, அந்த வெற்றியின் உறுத்தலைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். அவர்கள் பேசும் இறுதி வாதங்களைக் கேட்கும்போது, எந்தப் பக்கம் சாய்வது என்று நமக்கே தடுமாற்றம் வந்துவிடுகிறது.

கேள்வி: ஒரே சமயத்தில் இரண்டு தொடர்களை அவர் ஒருவரே எழுதினார் என்பது உண்மையா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பெரும்பகுதி உண்மை. 1997இல் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி பிராக்டிஸ்', ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'ஆலி மெக்பீல்' என இரண்டு தொடர்கள் தொடங்கின. ஒன்று கனமான குற்ற வழக்குகள். மற்றொன்றில், தாய்மை ஏக்கம் கொண்ட இளம் பெண் வக்கீலின் கண்முன்னே ஒரு குழந்தை தோன்றி ஆடும். உதவி எழுத்தாளர்கள் இருந்தும் தொடக்க ஆண்டுகளின் அத்தியாயங்களில் மிகப் பெரும்பாலானவற்றை, வக்கீல்கள் குறிப்பெடுக்கும் மஞ்சள் தாளில் தம் கைப்படவே அவர் எழுதினார். 1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில், சிறந்த நாடகத் தொடர், சிறந்த நகைச்சுவைத் தொடர் ஆகிய இரண்டையும் முறையே இவ்விரண்டுமே பெற்றன. ஒரே ஆண்டில் இரண்டையும் அவருக்கு முன் எந்தத் தயாரிப்பாளரும் வென்றதில்லை.

அவரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், லியான் மோரியார்ட்டியின் நாவலிலிருந்து அவர் எழுதி, 2017இல் எம்மி பெற்ற 'பிக் லிட்டில் லைஸ்' தொடரின் முதல் பருவத்திலிருந்து தொடங்கலாம், ஏழே அத்தியாயங்கள்தான்.