பேரலைத் தொடாத ஹேண்ட்கார்டு

கேள்வி: ஏ.ஆர்.-15 ரைஃபிளுக்கு ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு (பேரலைத் தொடாமல் அதைச் சுற்றி நிற்கும் முன்கைப்பிடி) வாங்கியிருக்கிறேன். நானே மாட்டலாமா? சரியாக மாட்டியிருக்கிறேனா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், டெக்சஸ்

பதில்: தாராளமாக மாட்டலாம். முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பேரலில் இருக்கும் பழைய முக்கோண முன்குறியின் ஆணிகள் அடித்து இறுக்கப்பட்டிருந்தால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உயிர்நாடி, பேரலை ரிசீவரோடு (துப்பாக்கியின் உடல் பகுதியோடு) பிணைக்கும் பேரல் நட்டுதான். ராணுவ அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு முறுக்கு. ஹேண்ட்கார்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் அலுமினியம் என்பதால் மரையில் கிரீஸ் தடவாமல் முறுக்கினால் கடித்துக்கொள்ளும். கேஸ் டியூப் (சுடும்போது வரும் வாயுவை ரிசீவருக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்) நட்டில் எங்கும் உரசாமல் நேராகப் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் ரிசீவர் மேலுள்ள ரெயிலும் (குறிநோக்கி போன்றவற்றை மாட்டும் பட்டை) ஹேண்ட்கார்டு ரெயிலும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள், ஹேண்ட்கார்டைக் கையால் முறுக்கினால் துளியும் அசையக்கூடாது.

எடை, அழகு எல்லாம் இரண்டாம்பட்சம். 100 கஜத்தில் ஒரே வகைத் தோட்டாவை, ஹேண்ட்கார்டில் மாட்டிய பைபாடில் (இருகால் தாங்கியில்) அழுத்திச் சாய்ந்து ஐந்து, மணல் மூட்டையில் அழுத்தாமல் ஐந்து சுடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் ஹேண்ட்கார்டு பேரலைத் தொந்தரவு செய்யவில்லை. ஹேண்ட்கார்டு நுனியில் லேசர் மாட்டுவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கனமானதையே வாங்குங்கள், மெலிந்தது வளைந்து லேசரின் குறியை நகர்த்திவிடும்.