தூரினை வியக்கலாமா?

தப்புக்கு மேல் தப்பு செய்யும் டோல்கீனின் ‘தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின்’ நாவலின் நாயகன் தூரின் பாராட்டத் தகுந்தவனா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஆமாம். 2007இல் வந்த அந்த நாவலை ஏற்காடு பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றச் சுற்றப் படித்தேன்.

தன் கட்டுகளை அறுத்துவிட வந்த நண்பன் பெலெக்கை இருட்டில் எதிரி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறான். மின்னலில்தான் முகம் தெரிகிறது. சரி, அது தெரியாமல் நடந்தது. பாலம் அப்படியல்ல. எல்ஃப்களின் மறைவு நகரமான நார்கோத்ரோந்தில் ஆற்றின் குறுக்கே அதைக் கட்ட வைத்தவனே அவன்தான். இடித்துவிடச் சொல்லித் தூது வந்தும் கேட்கவில்லை. டிராகன் அதன் வழியாகவே உள்ளே வந்தது. (சேலத்தில் இதை வீம்பு என்போம்.)

அப்புறம், அதே டிராகனைக் கொல்லப் போகையில் துணைக்கு வந்த இருவரில் ஒருவன் பயந்து விலகினான், மற்றவன் கல் விழுந்து செத்தான். தூரின் தனியாக நின்று அதன் வயிற்றில் வாளைச் செருகினான். அங்கே வியக்கிறேன். தூரின் மணந்தவள் அவனுடைய சொந்தத் தங்கைதான் என்ற உண்மையைச் சொன்ன பிராண்டிரை, நடக்கவே சிரமப்பட்டவனை, வெட்டிய இடத்தில் துளியும் இல்லை.