வெறும் ‘ரிட்டர்ன் ஜீரோ’தானே, எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் கம்பெனியின் 14 ஏஆர்எம் போர்டுகளிலும் யூ-பூட்தான் பூட்லோடர் (கர்னலை ஏற்றிவிடும் தொடக்க புரோகிராம்). 11 போர்டுகளில், போர்டைத் தயார்செய்யும் ‘போர்டு_இனிட்’ ஃபங்ஷனில் ‘ரிட்டர்ன் ஜீரோ’ தவிர ஒன்றுமில்லை. அவற்றை எடுத்துவிட்டு, ‘வீக்’ என்று குறித்த (அதே பெயரில் போர்டின் சொந்த ஃபங்ஷன் இருந்தால் அதற்கு வழிவிடும்) ஒரே டிஃபால்ட் ஃபங்ஷனைப் பொதுவில் வைக்கும் பேட்ச் ஒன்று ரிவ்யூவுக்கு என்னிடம் வந்திருக்கிறது. ஓகே சொல்லிவிடலாமா ஐயா?
– வாசகி, ஓசூர்

பதில்: நல்ல பேட்ச். வெற்று ஃபங்ஷனை 11 இடங்களில் சுமக்க வேண்டியதே இல்லை. ஆனால் என் கவலையெல்லாம் மீதி மூன்று போர்டுகளைப் பற்றித்தான்.

இதுவரை ஒரு போர்டில் அந்த ஃபங்ஷன் இல்லையென்றால், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் கத்தும், பில்டு நிற்கும். பொதுவில் டிஃபால்ட் வந்துவிட்டால் லிங்கர் அதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு போர்டில் ஈதர்நெட் சிப்பின் ரீசெட் பின்னை விடுவிக்கும் வேலையை இதே மாதிரி வீக் டிஃபால்ட் உள்ள ஒரு ஃபங்ஷனில் வைத்திருந்தேன். பெயரில் ஓர் எழுத்து இடம் மாறிவிட்டது. பில்டில் ஒரு வார்னிங்கூட இல்லை. ஆனால் நெட்வொர்க் செத்துக் கிடந்தது. சால்டரிங்கைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை சிப்பையே மாற்றினோம். கடைசியில் ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், ரீசெட் பின் ‘லோ’விலேயே இருக்கிறது, சிப் ரீசெட்டிலிருந்து வெளியே வரவே இல்லை! நான் எழுதிய ஃபங்ஷனை யாரும் கூப்பிடாததால், லிங்கர் அதைக் குப்பை என்று கழித்துவிட்டிருந்தது. லிங்கர் எழுதும் மேப் ஃபைலில், கழித்தவற்றின் பட்டியலில்தான் அதன் பெயர் இருந்தது.

அதனால் 14 போர்டுகளையும் பில்டு செய்து, ஒவ்வொரு யூ-பூட் ஈஎல்எஃப் ஃபைலிலும் (பில்டில் கிடைக்கும், பெயர்ப் பட்டியலோடு கூடிய ஃபைல்) அந்தப் பெயர்களைக் காட்டும் ‘என்எம்’ கமாண்டை ஓட்டிப் பாருங்கள். போர்டு_இனிட் பெயருக்கு முன்னால் ‘டபிள்யூ’ வந்தால் டிஃபால்ட் உள்ளே போயிருக்கிறது. ‘டி’ (ஆங்கில T) வந்தால் போர்டின் சொந்த ஃபங்ஷன். உங்கள் கணக்குப்படி 11 டபிள்யூ, 3 டி வர வேண்டும்.

இன்னொன்று. பழைய ஏஆர்எம் போர்டுகளின் போர்டு_இனிட்டில், ரேம் தொடக்கத்திலிருந்து 256 பைட் தள்ளிய முகவரியை ‘பூட் பாராம்ஸ்’ என்று குறித்துவைக்கும் ஒற்றை வரி இருக்கும். ஏடேக் பட்டியல், அதாவது ரேம் அளவு போன்ற விவரங்களைக் கர்னலுக்குச் சொல்லும் பழைய முறைப் பட்டியல், உட்காரும் இடம் அது. அதற்குப் பதில் டிவைஸ் ட்ரீ (போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் ஃபைல்) கொடுத்து பூட் செய்தால் ஆர்2 ரெஜிஸ்டரில் டிவைஸ் ட்ரீயின் முகவரிதான் போகும், அந்த வரிக்கு வேலையில்லை. அதை நம்பி, ‘இதுவும் வெற்றுதான்’ என்று அடுத்த பேட்ச் வரும். டிவைஸ் ட்ரீ இல்லாத பழைய கர்னல் உங்கள் கஸ்டமரிடம் ஒரே ஒரு மெஷினில் ஓடினாலும் அந்த வரியைத் தொட விடாதீர்கள்.

டிஃபால்ட் ஜீரோவைத்தான் திருப்புகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வேறு எண் வந்தால் யூ-பூட் அங்கேயே நின்றுவிடும்.

பேட்ச் எழுதியவரிடமே என்எம் அவுட்புட்டைக் கேளுங்கள். 14 வரிகளும் கமிட் மெசேஜில் இருக்கட்டும், பிறகு ஓகே சொல்லுங்கள்.