வண்டி நின்றால் ஆளுக்கொரு வேலை

"அடிக்கடி மக்கர் பண்ணும் பழைய கார் வைத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. பதினான்கு வருஷ அனுபவம். 1988-இல் போடிநாயக்கனூரில் அப்பா ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினார். 1978-ஆம் வருஷத்து வண்டி. எங்களிடம் வரும்போதே அதற்குப் பத்து வயது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியிருந்தார்கள். ஊரில் யாரும் அதைப் பத்மினி என்று சொல்லி நான் கேட்டதில்லை, "ஃபியட்டு"தான். பம்பாய் குர்லாவில் 1964-இலிருந்து ஃபியட் 1100 டிலைட் என்று வந்த அதே உடம்புக்கு 1974-இல் ராணி பத்மினியின் பெயரை வைத்தார்கள். பழகிய வாய்கள் பழைய பெயரை விடவில்லை.

அப்பாவுக்கு ஏலக்காய் கமிஷன் வியாபாரம். பூப்பாறைப் பக்கம் குத்தகைக்கு ஒரு சின்னத் தோட்டமும் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது விலை 47,500 ரூபாய். ஐந்து வருஷம் கழித்தும் அந்தத் தொகை எங்களுக்கு எட்டவில்லை. ஃபியட்டை 26,000-க்கு முடித்தார். காசு மட்டும் காரணமில்லை. "நம்ம ஊர் மெக்கானிக் கைக்கு அடங்குற வண்டியா இருக்கணும்" என்பார். அந்த முடிவில் இன்றுவரை எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வாங்கிய முதல் வருஷத்திலேயே வண்டியின் குணம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. நிற்கும். எங்கே என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்கும். தேய்ந்த எஞ்சின், பத்து வருஷ ஒயரிங், பலமுறை ஒட்டுப் போட்ட ரேடியேட்டர், வேறெப்படி இருக்கும்?

நின்றதும் யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. கதவுகள் நான்கும் ஒன்றாகத் திறக்கும். அக்கா இறங்கி ரோட்டோரம் கல் தேடிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாள். நான் டிக்கியைத் திறந்து ஸ்பானர் பையையும் தண்ணீர்க் கேனையும் எடுப்பேன். தம்பிக்குக் கை சின்னது, அவனுக்கென்று தனி வேலை. அதைப் பிறகு சொல்கிறேன். அம்மா பையிலிருந்து துண்டை எடுத்து நனைத்துப் பிழிந்துகொண்டு வருவாள். அப்பா பானெட்டைத் தூக்கிவிட்டு இரண்டு நிமிஷம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த இரண்டு நிமிஷத்தில் நாங்கள் யாரும் பேச மாட்டோம்.

ஈரத் துண்டு எதற்கு என்று இப்போதைய கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போவோம். போடியிலிருந்து முந்தல் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரிலும் இரண்டாவதிலும் உறுமிக்கொண்டு ஏறும்போது எஞ்சின் சூடு உச்சத்தில் இருக்கும், வண்டி மெதுவாகப் போவதால் காற்றும் போதாது. ஃபியட்டில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத்தான் இழுத்துத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு எதுவும் போகாது, வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் லாக்' என்பார்கள். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும் என்பதைக் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அது படிக்காமலே தெரியும். "மேல போகப் போக துண்டு ரெண்டு வேணும்" என்பாள்.

பம்பின் மேல் ஈரத் துண்டைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பேட்டரி இறங்கிவிடும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பாள். கீழே போடி ஊர் புழுதி நிறத்தில் கிடக்கும், மேலே மேகம் போய்க்கொண்டிருக்கும். அந்த மலைப்பாதையில் நான் பார்த்த நல்ல காட்சிகள் எல்லாமே வண்டி நின்ற இடங்களில் பார்த்தவை.

தம்பியின் வேலைக்கு வருகிறேன். பழைய ஃபியட்டில் கியர், ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்தே இருக்கும். முன் சீட் ஒரே நீளப் பலகை, நெருக்கி மூன்று பேர் உட்காரலாம். கியர் லீவரிலிருந்து கீழே போகும் கம்பிகளும் மூட்டுகளும் தேய்ந்துவிட்டால், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு அவசரமாக மாற்றும்போது ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். லீவர் மேலேயும் போகாது, கீழேயும் வராது. பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கம் கையை விட்டு, அந்த மூட்டை ஒரு தட்டுத் தட்டி நேராக்க வேண்டும். அப்பாவின் கை அந்தச் சந்தில் நுழையாது. ஏழு வயதுத் தம்பியின் கை நுழையும். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் முன்னால், சுற்றிலும் பஸ்கள் ஹாரன் அடிக்க, அவன் பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டு "டொக்" என்று தட்டிவிட்டு, கிரீஸ் கையோடு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துத் தலையாட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இன்று அவன் பெரிய இயந்திரங்களோடு வேலை பார்க்கிறான். அதற்கு இதுதான் தொடக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா எங்கே போனாலும் இறக்கம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டிவிட்டு, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். உறவுக்காரர் வீடுகளையெல்லாம் நாங்கள் அப்படித்தான் தரம் பிரித்து வைத்திருந்தோம். உத்தமபாளையத்துச் சித்தி வீடு நல்ல இறக்கம். தேனி மாமா வீடு சமதளம், அங்கே டீக்கடை ஓரமாக நிறுத்த வேண்டும், தள்ள நாலு பேர் கிடைப்பார்கள்.

எல்லாவற்றிலும் மறக்க முடியாதது 1993-இல் அக்காவின் கல்யாணப் பட்டு எடுக்க மதுரைக்குப் போன பயணம். போடியிலிருந்து மதுரை சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். அப்போது மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா ரயிலில் போகலாம் என்றுதான் சொன்னாள். பட்டுச் சேலைகளோடு கூட்டத்தில் வர வேண்டாம் என்று அப்பா காரை எடுத்தார். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அதனால் அரை மணி நேரம் காத்திருந்து, துணி போட்டு மெதுவாகத் திறந்தார். அடிப்பக்கம் நூல் போல ஒழுக்கு. கேனில் இருந்த தண்ணீர் ஊற்ற ஊற்ற இறங்கியது.

அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் நிறுத்திப் பார்த்தார். "அண்ணே, மஞ்சத் தூள் இருக்கா?" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "ரேடியேட்டர்ல போட்டா ஒழுக்குல போயி அடைச்சுக்கும். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்." முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிறோம் அல்லவா, அம்மாவின் பையில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை எல்லாம் இருந்தது. அம்மா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, தானே கையால் அள்ளி ரேடியேட்டரில் போட்டாள். கிளீனர் பையன் லாரியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி மதுரை போய்ச் சேரும் வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த டிரைவரின் பெயரைக் கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அம்மா இன்றைக்கும் வருத்தப்படுவாள்.

மலையில் எங்களைக் காப்பாற்றியது ஜீப் டிரைவர்கள். விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்கள், சாயங்காலம் திரும்பும். எஞ்சினுக்குத் தீப்பொறி வரவழைக்கும் பாயிண்ட் மழையில் நனைந்து வண்டி நின்றால் அவர்களே இறங்கி, அது இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றித் துடைத்து, உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்து, போஸ்ட் கார்டைச் சொருகி இடைவெளி பார்த்து மாட்டிவிட்டுப் போவார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நாளைக்கு அவர்கள் ஜீப் நின்றால் அப்பா நிறுத்துவார், அதுதான் கணக்கு.

2001-இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நானும் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்ற தெருவில் ஒரு தடவை நின்றது, ஒரு தடவை பேட்டரி போனது. அவ்வளவுதான், சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. நல்ல வண்டி.

2023 அக்டோபரில் மும்பையில் கடைசிப் பத்மினி டாக்ஸி ரோட்டை விட்டுப் போன செய்தியைத் தம்பிதான் எனக்கு அனுப்பினான். அங்கே டாக்ஸிக்கு இருபது வருஷம்தான் கெடு. 2003-இல் பதிவான கடைசி வண்டிக்கும் அது முடிந்துவிட்டது. படத்தில் அந்தக் கருப்பு மஞ்சள் வண்டியைப் பார்த்ததும் எங்கள் ஃபியட் போன நாள் நினைவுக்கு வந்தது.

2002. அப்பாவுக்குக் கண்ணில் புரை, மலையில் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னமனூரிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பழைய வண்டிகள் மேல் பிரியமுள்ள இளைஞர். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு நாள்கூட அந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததில்லை. வாசலில் நின்றபடி சொன்னாள்: "தம்பி, சோக்கை முழுசா இழுக்காதீங்க. பாதி இழுங்க. ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சு விட்டுருங்க. ஒரு மூச்சு விட்டுட்டு இப்பத் திருப்புங்க."

பிடித்துக்கொண்டது.

அவள் உள்ளே போய்த் துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்து, ஜன்னல் வழியாக முன் சீட்டில் வைத்தாள்.

"நேரா சின்னமனூர்தாம்மா, வழியில மேடே கிடையாது" என்றார் அவர்.

"வெயில் இருக்குல்ல" என்றாள் அம்மா.